வாசற்படியில் அழும் குழந்தை

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூவிருந்தவல்லிச் சாலையில், காட்டுப்பாக்கத்திற்கும் கரையான்சாவடிக்கும் இடையே அமைந்துள்ளது குமணன்சாவடி. மாங்காட்டிற்கும் குன்றத்தூருக்கும் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகின்றது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இன்றோ இங்குத் தங்குவோர் சிலர். கடந்து செல்வோரே பலர். மேற்கே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும், கிழக்கே போரூர், மணப்பாக்கம் பகுதிகளிலுள்ள கணினி அலுவலகங்களுக்கும் ஆண்களும் பெண்களும் காலைதோறும் விரைகின்றனர். அவர்களுள் இளம் பெற்றோர், பணியிடம் சேருமுன் மற்றுமோர் இடத்தில் நின்று செல்ல வேண்டியவராய் இருக்கின்றனர். அது குழந்தைக் காப்பகத்தின் வாசல்.

அத்தகைய வாசல் ஒன்றை ஒரு காலையில் நாம் கடக்க நேர்ந்தது. இரண்டு வயதும் நிரம்பாத சிறுவன் ஒருவன் தன் தந்தையின் சட்டைக் கழுத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தான். உள்ளிருந்து வந்த பணிப்பெண் அவனைக் கைமாற்றி வாங்கி, மதில்மேல் இருந்த காக்கையைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்த நொடியில், போய்விடுமாறு தந்தைக்குக் கண்சாடை செய்தாள். அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குச் சென்று, அங்குதான் அதனை முடுக்கினார். சிறுவன் திரும்பிப் பார்த்தான். அதன்பின் எழுந்த அழுகை சாலையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. “பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுவான்” என்று அப்பெண் நம்மைப் பார்த்து அன்போடு கூறினாள். அவள் கொடியவள் அல்லள். அந்தத் தந்தையும் கல்நெஞ்சர் அல்லர். ஆயினும், ‘சரியாகிவிடுவான்’ என்னும் அச்சொல்லின் பொருள் யாது என்னும் வினா நம்மை விடவில்லை. அழுகை நிற்பதும் ஆறுதல் பெறுவதும் ஒன்றுதானா? குழந்தைக் காப்பகங்களின் வரலாற்றில் இவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குமணனிடம் வந்த புலவர்

குமணன் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழருக்கு நினைவில் எழுபவன் முதிரமலைத் தலைவனாகிய வள்ளல் குமணன். அவனை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார் தம் இல்லத்து வறுமையைக் கூறும் பாடல் புறநானூற்றில் 160ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. உணவில்லாத வீட்டில், வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து ஏமாந்து அழும் மகனை அவன் தாய் எவ்வாறு தேற்ற முயன்றாள் என்பதைப் புலவர் அதில் காட்டுகின்றார். அவள் மூன்று வழிகளை நாடுகின்றாள். முதலாவது, புலியைச் சொல்லி அச்சுறுத்துகின்றாள். இரண்டாவது, நிலவைக் காட்டிக் கருத்தைத் திருப்புகின்றாள். மூன்றாவது, உடனில்லாத தந்தையை எண்ணி அவன் கொண்டிருக்கும் வெகுளியைத் தனக்குக் காட்டுமாறு கேட்கின்றாள்.

அச்சுறுத்தல், கவனத்தைத் திருப்புதல், பிரிந்திருப்பவரைப் பற்றிய குழந்தையின் உணர்வை ஏற்று அதற்கு இடமளித்தல் என இம்மூன்றையும் வகைப்படுத்தலாம். பிறர் பொறுப்பில் விடப்பட்ட குழந்தைகளின் கண்ணீரை உலகம் எதிர்கொண்ட வரலாறும் ஏறத்தாழ இவ்வரிசையிலேயே நடந்துள்ளது. மூன்றாவது வழியை நாம் வந்தடைய மிக நீண்ட காலம் ஆயிற்று.

2. அழுகையை அடக்கிய காலம்

வேலைக்குச் செல்லும் தாய் என்பவள் இக்காலத்தின் படைப்பு அல்லள். நடவிற்கும் களையெடுப்பிற்கும் சென்ற தமிழ்ப் பெண்கள் வரப்போரத்து மரக்கிளையில் சேலையால் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்தினர். ஏழெட்டு வயதுத் தமக்கை அதனை ஆட்டிக்கொண்டிருந்தாள். தாய் கூப்பிடு தொலைவில் இருந்தாள். பசித்தழுதால் கரையேறி வந்து பாலூட்டினாள். அவ்வாழ்வைப் பொற்காலமாகப் புனைந்துரைக்க நாம் விரும்பவில்லை. தூளியை ஆட்டிய சிறுமி பள்ளியை இழந்தாள். ஆயினும், குழந்தை அறியாத முகம் எதுவும் அவ்வரப்பில் இல்லை என்பது உண்மை.

இயந்திர ஆலைகள் தோன்றியபோது அக்கூப்பிடு தொலைவு மறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில், ‘காட்பிரே கார்டியல்’ என்னும் அபின் கலந்த மருந்து குழந்தைகளை உறங்க வைக்கப் பரவலாக ஊட்டப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளரிடையேயும் குழந்தைக்கு அபின் கொடுக்கும் வழக்கம் இருந்ததை, 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. அத்தாய்மாரைக் குறை கூறுவது எளிது. ஆனால், அவர்களுக்கு வேறு வழி வைக்காத ஆலையின் மணியோசையே அந்த அபினுக்குப் பொறுப்பாகும்.

கல்விக்கூடமும் இதில் முற்றிலும் வேறுபட்டதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் ஐந்தாம் வயதில் சேர்க்கப்பட்ட சிறுவன் வர மறுத்தால், மூத்த மாணாக்கர் சென்று அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வருவர். ஆனால் அதே மரபில் மற்றொன்றும் இருந்தது. பள்ளியில் வைக்கும் நாளில் உற்றார் கூடினர். பெரியவர் மடியில் அமர்ந்து, அவர் கைபிடிக்க, குழந்தை அரிசியில் முதலெழுத்தை எழுதியது. முதல் அடியைத் தனியே எடுத்து வைக்கலாகாது என்னும் அறிவு அச்சடங்கில் இருந்தது. மறுநாளே அது மறக்கப்பட்டது என்பதுதான் வருந்தத்தக்கது.

3. கழியின்மேல் ஏறிய தொப்பி

மிகச் சிறு குழந்தைகளுக்கெனத் தனியிடம் அமைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஆல்சாஸ் மலைப்பகுதியில் வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூரின் ஆயராயிருந்த ஓபர்லின். 1767இல் அவர் அங்குப் பொறுப்பேற்றார். பெற்றோர் உழைக்கச் சென்றபோது கவனிப்பாரற்றிருந்த பிள்ளைகளைச் சாரா பன்சே என்னும் இளம்பெண் கூட்டிப் பின்னல் வேலை கற்பிப்பதைக் கண்டு, அதனை அவர் ஒரு திட்டமாகவே வளர்த்தார். பின்னர் அவ்வூழியத்தைப் பல்லாண்டுகள் தாங்கியவர் ஆயர் இல்லத்தில் பணிப்பெண்ணாக வந்த லூயிஸ் ஷெப்லர். 1829இல் பிரெஞ்சுக் கழகம் அவருக்குப் பரிசளித்துப் பெருமைப்படுத்தியது. ஆயரின் பெயர் நூல்களில் நிலைத்தது. ஆனால் குழந்தைகள் அறிந்திருந்த முகம் அப்பெண்களுடையது. குழந்தைப் பராமரிப்பின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

1816இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் தொழிலாளர் குழந்தைகளுக்கான பள்ளியைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அங்குச் சேர்க்கப்பட்டனர்; எவரையும் அடிக்கலாகாது என்பது கட்டளை. அவ்வழியைப் பின்பற்றி 1820இல் இலண்டன் மாநகரின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் தொடங்கப்பட்ட குழந்தைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் சாமுவேல் வில்டர்ஸ்பின். அதன் முதல் நாள் நிகழ்ச்சியை அவரே எழுதி வைத்துள்ளார்.

தாய்மார் பிள்ளைகளை விட்டுச் சென்றனர். கதவைத் திறக்க இயலாத ஒரு சிறுவன் தாயை அழைத்துக் கதறினான். உடனே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கதறினர். வில்டர்ஸ்பின்னும் அவர் மனைவியும் செய்த முயற்சி எதுவும் பயன் தரவில்லை. ஓசையைத் தாங்கமாட்டாமல் முதலில் மனைவியும் பின்னர் அவரும் அறையை விட்டே வெளியேறினர். அப்போது மனைவியின் வண்ண நாடாத் தொப்பி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதனைத் துணி உலர்த்தும் கழி ஒன்றின்மேல் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வியப்பால் அறை அமைதியாயிற்று. அவ்வியப்பு தீருமுன், எல்லாரும் வாத்துகளாகி விளையாடுவோம் என்றார். பின்னர்த் தாய்க்கோழியும் குஞ்சுகளும் ஆயினர். நண்பகல் விரைவில் வந்தது.

வில்டர்ஸ்பின் இதிலிருந்து கற்ற பாடம் பெரிது: குழந்தையிடம் புலன்களின் வழியாகவும் விளையாட்டின் வழியாகவுமே செல்ல முடியும். அடியும் அபினும் இருந்த இடத்தில் விளையாட்டை வைத்தது உண்மையான முன்னேற்றமே. பின்னர் ஜெர்மனியில் 1837இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்ட பிரோபெலும், 1907இல் உரோமாபுரியின் சான் லோரென்சோ ஏழையர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறந்த மாண்டிசோரி அம்மையாரும் இம்முன்னேற்றத்தை வெகுதூரம் கொண்டு சென்றனர். அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். குழந்தையின் கைக்கேற்ற பொருளும் உயரத்திற்கேற்ற இருக்கையும் நம் பள்ளிகளுக்கு வந்ததில் அவர்தம் பங்கு பெரிது.

எனினும், ஸ்பிட்டல்பீல்ட்ஸ் சிறுவன் கதவருகே நின்று கேட்ட வினாவிற்குத் தொப்பி விடையளிக்கவில்லை. ‘என் தாய் எங்கே? மீண்டும் வருவாளா?’ என்று அவன் கேட்டான்; ‘இதோ பார், தொப்பி’ என்பதே அவனுக்குக் கிடைத்த மறுமொழி. குமணன்சாவடியில் நாம் கண்ட காக்கை, 1820ஆம் ஆண்டின் அத்தொப்பியே ஆகும்.

4. அமைதியின் பொருள்

அவ்வினாவைச் செவிமடுக்கத் தூண்டியது இரண்டாம் உலகப்போர். போரினால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக 1941இல் இலண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஆன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் காப்பகங்களை நடத்தினர். உணவும் தூய்மையும் விளையாட்டும் குறைவின்றி இருந்தும் குழந்தைகள் வாடினர். எனவே, நான்கைந்து குழந்தைகளுக்கு ஒருத்தி என்று சிறு ‘குடும்பங்களாக’ அவர்களைப் பிரித்தனர். உடனே அழுகையும் பொறாமையும் மிகுந்தன. ஆயினும் நாளடைவில் பேச்சும் நற்பழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. அன்பு செலுத்த ஒருவர் கிடைத்ததும், அவரை இழக்கும் அச்சமும் உடன் வந்தது. அந்த அச்சம் நோயன்று, நலத்தின் அடையாளம்.

அக்காப்பகங்களில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், பின்னர் ஜான் பௌல்பியுடன் இணைந்து மருத்துவமனைகளில் தனித்து விடப்பட்ட சிறு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கினார். அவர் கண்ட மூன்று நிலைகள் இன்று எல்லாராலும் அறியப்பட்டவை. முதலில் குழந்தை அழுது எதிர்க்கின்றது. அடுத்து நம்பிக்கையிழந்து ஒடுங்குகின்றது. இறுதியில் பற்றறுந்து, யாரிடமும் செல்வதுபோல் தோன்றி, தாய் வரும்போது முகம் திருப்புகின்றது. இவ்விரண்டாம் மூன்றாம் நிலைகளையே அதுவரை செவிலியர் ‘பழகிவிட்டது’ என்று எண்ணி மகிழ்ந்தனர். 1952இல் ராபர்ட்சன் வெளியிட்ட திரைப்படம், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த லாரா என்னும் இரண்டு வயதுச் சிறுமியைக் காட்டியது. அவள் ஓலமிடவில்லை. தன்னை அடக்கிக்கொண்டாள், அதுவே பார்த்தவர் நெஞ்சை உலுக்கியது. மருத்துவர் பலர் அப்படத்தை வெறுத்தனர். ஆயினும் 1959இல் பிரித்தானிய அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து காணப் பரிந்துரைத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சில மணிநேரம் காப்பகத்தில் இருப்பதும் பல நாள் மருத்துவமனையில் கிடப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, காப்பகத்தில் வளர்வது மட்டுமே தாய்சேய்ப் பிணைப்பைக் குலைப்பதில்லை என்று காட்டியது. ஆதலால், பணிக்குச் செல்லும் தாயின் நெஞ்சில் குற்றவுணர்வை ஏற்றுவதற்கு இவ்வரலாற்றைப் பயன்படுத்துவது அறமன்று. பிரிவு கூடுமா, கூடாதா என்பது நம் வினாவன்று. பிரிவு எவ்வாறு நிகழ வேண்டும் என்பதே வினா.

5. பெற்றோர் வாசலைக் கடத்தல்

இதற்கு ஒரு தெளிவான விடை 1980களில் பெர்லின் நகரில் வகுக்கப்பட்டது. அதன் நெறி எளிது. முதல் மூன்று நாள்கள் தாயோ தந்தையோ குழந்தையோடு காப்பகத்திற்குள் சென்று, ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடனமர்ந்து, குழந்தையுடனேயே வீடு திரும்புகின்றனர். அந்நாள்களில் பிரிவு இல்லை. குறிப்பிட்ட ஒரே பணிப்பெண் மெல்ல அணுகிக் குழந்தையோடு பழகுகின்றாள். நான்காம் நாள், சொல்லிக்கொண்டு விடைபெற்று, பெற்றோர் அறையை விட்டு வெளியே சென்று அருகிலேயே இருக்கின்றனர். அரைமணிக்கு மேற்படாமல் திரும்புகின்றனர். பிரிந்தபோது குழந்தை அழலாம். அழவேண்டாம் என்று எவரும் கேட்பதில்லை. அப்பணிப்பெண்ணால் அது தேறுகின்றதா என்பதே உரைகல். தேறினால் நேரம் கூட்டப்படும். தேறாவிடில் இரண்டு, மூன்று வாரங்கள்கூடக் காத்திருப்பர்.

அதே நகரில் 15 மாதக் குழந்தைகள் 70 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. தாய் உடனிருந்த நாள்களைவிடத் தாய் பிரிந்த நாள்களில் குழந்தைகளின் உடலில் மன இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் மிகவும் உயர்ந்திருந்தது. முகம் காட்டாததையும் உடல் கூறுகின்றது. ‘பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்’ என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நெறியின் உயிர் விடைபெறுதலில் உள்ளது. ஒளிந்து செல்லும் தந்தை ஒரு நாள் அழுகையிலிருந்து தப்புகின்றார். ஆனால், கண்ணை அகற்றினால் அன்புக்குரியவர் மறைந்துபோவர் என்று குழந்தைக்குக் கற்பிக்கின்றார். அதனால் அது வீட்டிலும் முந்தானையை விடுவதில்லை. ‘நான் போகிறேன், நீ சோறு உண்டு உறங்கி எழுந்ததும் வருவேன்’ என்று சொல்லிச் சென்று, சொன்னபடி வருபவரோ நம்பிக்கையைக் கற்பிக்கின்றார். மணிக்கணக்கு அறியாத குழந்தைக்குச் சோறும் உறக்கமுமே கடிகாரம்.

6. நம் நாட்டு நிலை

நம் நாட்டில் இவ்வறிவு இல்லாமல் இல்லை. மகாராட்டிரத்தில் தாராபாய் மோடக் 1945 முதல் போர்டி என்னும் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியபோது, பள்ளிக்கு வராத குழந்தையைத் தேடி அதன் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். ‘அங்கன்வாடி’ என்னும் சொல்லில் உள்ள ‘அங்கன்’ முற்றத்தையே குறிக்கும். 1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், கூலிப் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே காப்பகம் தொடங்கினார். தாய் சித்தாள் வேலைக்கிடையே வந்து பாலூட்டிச் செல்ல முடிந்தது.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கிற்று. 1982 சூலை 1 அன்று தமிழக முதல்வர் எம்.ஜி.ஆர். திருச்சிக்கருகில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். சிற்றூர்களில் அம்மையத்தின் ஆயா பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்ணே. காலையில் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை அழைத்து வருவாள்; அவளைக் குழந்தை முன்னரே அறியும். பெர்லின் நெறி மூன்று நாளில் உண்டாக்க முயலும் பழக்கத்தை, ஊர் தன் இயல்பிலேயே கொடுத்தது எனலாம்.

குமணன்சாவடி போன்ற புறநகர்களில் இல்லாதது இதுவே. வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து வாடகை வீட்டில் வாழ்வோருக்குப் பாட்டியும் அத்தையும் தொலைவில் இருக்கின்றனர். காப்பகப் பணிப்பெண் குழந்தைக்கு முற்றிலும் அயலாள். ஊர் தானே செய்ததை இங்கு நாம் முயன்று செய்ய வேண்டியுள்ளது. அதற்குக் காலம் வேண்டும்.

அக்காலத்தை யார் கொடுப்பது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் பணியாற்றும் ஆலைகளில் குழந்தைக் காப்பறை அமைக்க விதித்தது. 1976இல் அவ்வெண் 30 ஆகக் குறைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி, 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாமென்றும் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றது. இவை பெரும் பேறுகளே. ஆனால், குழந்தையைக் காப்பகத்தில் பழக்கும் முதல் வாரத்திற்கென ஒரு நாள் விடுப்பையேனும் இவற்றுள் எதுவும் தந்திலது. நாட்கூலி பெறும் பெண் மூன்று நாள் உடனிருந்தால் மூன்று நாள் கூலியை இழப்பாள். வாசலில் ஒளிந்து ஓடிய அத்தந்தை ஓடியது மகனிடமிருந்து அன்று, வருகைப் பதிவிலிருந்து.

7. சிறிய சட்டை

திருமறை இவ்விடத்தில் நமக்கு அன்னாளை நினைவூட்டுகின்றது. தவமிருந்து பெற்ற மகனைச் சீலோவின் ஆலயத்தில் ஏலியின் பொறுப்பில் விடவேண்டியவள் அவள். ஆயினும் அவள் விரையவில்லை. ஆண்டுப் பலிக்கு வீட்டார் அனைவரும் புறப்பட்டபோதும், பிள்ளை பால்மறக்கும் வரை வீட்டில் தங்குவேன் என்றாள். கணவனாகிய எல்க்கானா அதற்கு இசைந்தான். அவளே மகனை அழைத்துச் சென்று, ஏலியிடம் பேசி ஒப்படைத்தாள். பின்னர் ஆண்டுதோறும் சிறிய சட்டை ஒன்றைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் அளவு மாறும். அவ்வளவை அவள் மனத்தில் வைத்திருந்தாள். நாம் அர்ப்பணிப்பைப் பற்றிப் பலமுறை பிரசங்கித்துள்ளோம். அச்சட்டையைப் பற்றிப் பேசியது குறைவு. அர்ப்பணிப்பு என்பது கைகழுவுதல் அன்று என்பதை அது கூறுகின்றது.

இன்று தம் மண்டபத்தில் காப்பகம் தொடங்க எண்ணும் சபைகளுக்கு இவ்வரலாறு சில கடமைகளை முன்வைக்கின்றது. வண்ணச் சுவரும் விளையாட்டுப் பொருளும் வாங்குமுன், பெற்றோர் அமர்வதற்கு உள்ளே ஒரு பாய் விரித்தல் வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் மாறாத ஒரு பணிப்பெண் வேண்டும். அவள் மாறாதிருக்க அவளுக்குத் தக்க ஊதியம் வேண்டும். தாயின் பழைய சேலைத் துண்டைக் குழந்தை உடன் கொண்டுவந்தால், அழுக்கென்று அதனைப் பிடுங்கலாகாது. முதல் வாரத்தில் உடனிருக்க வேண்டிப் பெற்றோர் விடுப்புக் கேட்டால், சபையாருள் மேலாளராயும் முதலாளியாயும் இருப்போர் அதனை மறுக்கலாகாது. தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும் இது பொருந்தும்.

அச்சிறுவனை நாம் மீண்டும் கண்டோம். இரண்டு வாரம் சென்றிருக்கும். அவன் அழவில்லை. பணிப்பெண்ணின் தோளில் தலைசாய்த்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தந்தை அன்றும் முனைவரை வண்டியைத் தள்ளிச் சென்றார். சிறுவன் அத்திசையில் திரும்பவில்லை. ‘பார்த்தீர்களா, பழகிவிட்டான்’ என்றாள் அப்பெண். அவன் ஆறுதல் பெற்றானா, நம்பிக்கை இழந்தானா என்பதை வெளியில் நின்று கூற நம்மால் இயலவில்லை. அதனைக் கூற வல்லவர் ஒருவரே: வாசலைக் கடந்து உள்ளே சென்று அவன் அருகில் அமர்ந்திருப்பவர்.